டி.சி. வாங்குவது கடைசி வேலை: அமெரிக்க ஹைஸ்கூலை விட்டுவிட்டு ஜிஇடி எழுதலாமா?

சனிக்கிழமை காலைகளில் நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் கல்வி வகுப்பில் கணக்கு சொல்லித்தருகிறேன். முதியோர் என்பது பெயரில்தான். முன்வரிசையில் இருப்பவன் பதினேழு வயதுப் பையன். அவன் ஸ்கூலை விட்டது நவம்பரில். ஜிஇடி என்றால் என்னவென்று விசாரித்தது பிப்ரவரியில். நடுவில் மூன்று மாதம் போனும் கையுமாக வீட்டில் கிடந்தான். அப்பாவோடு பேச்சு நின்றுபோயிருந்தது. இப்படி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்கூலை விட்டது சரியா தப்பா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனால் செய்த வேலைகளின் வரிசை எல்லாரிடமும் தலைகீழாக இருந்தது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருந்தார்கள்.

இது 16 முதல் 19 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கிற அம்மா அப்பாவுக்கும். ஊரிலிருந்து வந்து சில வருடமே ஆன குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், ஜிஇடி எது, எது இல்லை

நம் பெற்றோர் இதை "பிரைவேட்டா எழுதுறது" என்று புரிந்துகொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதுகிறவருக்கும் பள்ளியில் படித்தவருக்கும் ஒரே கேள்வித்தாள்; சான்றிதழ் தருவதும் ஒரே தேர்வுத் துறை. ஜிஇடி அப்படியில்லை. அது வேறு தேர்வு, வேறு சான்றிதழ். ஹைஸ்கூல் டிப்ளமோவுக்கு, அதாவது பள்ளி முடித்த சான்றிதழுக்கு, "இணையானது" என்று மாநில அரசு தருவது. இணை என்பதும் அதுவே என்பதும் ஒன்றல்ல. எங்கெங்கே அந்த வித்தியாசம் உறைக்கும் என்று பின்னால் சொல்கிறேன்.

தேர்வு 1942-ல் தொடங்கியது. படிப்பை நடுவில் விட்டுவிட்டு இரண்டாம் உலகப் போருக்குப் போன சிப்பாய்கள் திரும்பி வந்து மறுபடி ஹைஸ்கூல் பெஞ்சில் உட்கார வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வளர்ந்த ஆட்களுக்கான இரண்டாவது வாய்ப்பு. பதினாறு வயதுப் பிள்ளைக்கான குறுக்குவழியாக அதை யாரும் நினைத்துச் செய்யவில்லை. 2014-லிருந்து முழுக்கக் கணினியில் நடக்கிறது. சில மாநிலங்களில் இதற்குப் பதிலாகவோ இதோடு சேர்த்தோ ஹைசெட் என்ற தேர்வும் உண்டு. அமெரிக்காவில் ஜிஇடியை ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ எழுதலாம். தமிழில் கிடையாது. டொராண்டோப் பக்கத்து உறவினர் சொன்னதை வைத்துக்கொண்டு இங்கே எதுவும் முடிவு செய்ய வேண்டாம். கனடாவில் ஜிஇடியை 2024-ல் நிறுத்திவிட்டார்கள், அங்கே வந்திருப்பது வேறு தேர்வு.

இன்னொன்று. ஊரில் பிளஸ் டூ தேறிவிட்டு வந்தவருக்கு ஜிஇடியே தேவையில்லை. மதிப்பெண் சான்றிதழை வெளிநாட்டுச் சான்றுகளை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி அறிக்கை வாங்கினால் பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களுக்கு (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரிகளுக்கு) அது போதும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று காலேஜில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்யாணமாகி வந்த ஒரு தங்கை ஆறு மாதம் எங்கள் வகுப்பில் அல்ஜீப்ரா போட்டுவிட்டு, தன்னிடம் பிளஸ் டூ சான்றிதழ் இருப்பதாக ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். முதல் நாளே கேட்காதது எங்கள் தப்பு.

படி 1: ஏன் விட வேண்டும்? ஒரே வரியில் எழுதுங்கள்

"ஸ்கூல் பிடிக்கலை" என்பதை ஏற்க மாட்டேன். என்ன பிடிக்கவில்லை? காலை ஆறே முக்காலுக்கு பஸ் பிடிப்பதா, லஞ்ச் நேரத்தில் தனியாக உட்கார்வதா, கெமிஸ்ட்ரியில் ஃபெயில் ஆவதா, எல்லாம் தெரிந்த பாடமாக இருந்து தூக்கம் வருவதா, வீட்டில் பணம் போதாமல் இருப்பதா? வியாதிக்கு வியாதி மருந்து வேறு. இவற்றில் ஜிஇடியால் தீர்வது ஒன்றோ இரண்டோதான்.

யாராவது சீண்டுகிறார்கள் என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள், ஸ்கூல் மாற்றிக் கேளுங்கள். பதற்றம், மனச்சோர்வு, படிப்பில் கவனம் நிற்காதது என்றால் 504 திட்டம், ஐஇபி என்ற இரண்டு ஏற்பாடுகள் சட்டப்படி உண்டு. கூடுதல் நேரம், தனி அறை, வேலைப்பளு குறைப்பு எல்லாம் அதில் கேட்கலாம். நம் வீடுகளில் இதைக் கேட்கவே கூசுகிறார்கள். "பிள்ளைக்கு ஏதோ குறைன்னு பேர் வந்துடும்" என்கிற பயம். அந்தப் பெயர் எங்கேயும் வராது. ஸ்கூலை விட்ட பெயர் வரும்.

பணம்தான் காரணம் என்றால் விசாவைப் பாருங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளை இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யவே முடியாது. கையில் காசாக வாங்கினாலும் நாளைக்கு அது குடியேற்றக் கோப்பில் வந்து நிற்கும். ஆகவே வேலைக்காகப் படிப்பை விடுவது என்ற பேச்சு எச்-4 வீட்டில் எழவே கூடாது. அதோடு 21 வயதில் எச்-4 தகுதி போய்விடும். அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கோ வேறெதற்கோ மாற வேண்டும். வீட்டில் சும்மா கழிகிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

பதினேழு பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளைகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில பள்ளிகளில், "இந்த வயசுக்கு கிராஜுவேட் ஆக முடியாது, ஜிஇடிக்குப் போயிடுங்க" என்று அலுவலகத்திலேயே திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அது அறிவுரை, சட்டம் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் 20 அல்லது 21 வயதுவரை பொதுப்பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. நியூ ஜெர்சியில் 20. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 1982-லேயே பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆங்கிலம் வராத பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் ஏற்பாடும் பள்ளியின் கடமை. "சேர்க்க முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள் சார்" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்து என்றதும் பலருக்குக் குரல் மாறும்.

படி 2: கிரெடிட்டை எண்ணுங்கள்

உணர்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு எண்ணுக்கு வாருங்கள். பள்ளிக் கவுன்சலரிடம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது இதுவரை படித்த பாடங்களின் மதிப்பெண் பதிவு, கேட்டு வாங்குங்கள். நியூ ஜெர்சியில் டிப்ளமோவுக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்கான புள்ளி, வேண்டும். வருடம் முழுக்கப் படிக்கும் ஒரு பாடத்துக்கு 5. மற்ற மாநிலங்களில் எண் வேறு, முறை இதுதான். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி, பாக்கியை முடிக்க எத்தனை மாதம் என்று ஒரு தாளில் போடுங்கள்.

ஊரில் படித்த ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மார்க் ஷீட்டைக் கேட்கவே இல்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கிவிட்டார்கள் என்று சொன்ன குடும்பம் உண்டு. மொழிபெயர்ப்போடு கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒரு வருடம் மிச்சமானது. சில பள்ளி மாவட்டங்கள் தமிழையே அயல்மொழிப் பாடமாக ஏற்றுக்கொண்டு கிரெடிட் தருகின்றன, கேட்டால்தான் தெரியும்.

பாக்கி ஒரு வருடத்துக்கும் குறைவு என்றால் என் பதில் நேரடியானது: விடாதீர்கள். எப்படியாவது இழுத்துப் பிடித்து முடியுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி, வயதும் பத்தொன்பதை நெருங்குகிறது என்றால் மேலே படியுங்கள்.

படி 3: ஸ்கூலுக்குள்ளேயே இருக்கும் வேறு கதவுகள்

கோடை வகுப்பு, ஃபெயிலான பாடத்தை ஆன்லைனில் மறுபடி எடுக்கும் கிரெடிட் ரிக்கவரி, மாலைநேரப் பள்ளி, சிறிய மாற்றுப் பள்ளி, மாநிலமே நடத்தும் இணையப் பள்ளி. இவற்றில் முடித்தால் கிடைப்பது டிப்ளமோ. இணைச் சான்று இல்லை. பல ஊர்களில் பெரியவர்களுக்கான ஹைஸ்கூல் டிப்ளமோ வகுப்புகளும் உண்டு.

பாடம் சுலபமாக இருந்து அலுத்துப்போன பிள்ளைக்கு, ஹைஸ்கூலில் இருந்துகொண்டே காலேஜ் பாடம் எடுக்கும் வழி இருக்கிறது. மினசோட்டாவில் 1985 முதல் அப்படி ஒரு திட்டம் நடக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட் என்று பெயர், 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் கம்யூனிட்டி காலேஜில் படித்து இரண்டு கணக்கிலும் கிரெடிட் சேர்க்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஸ்கூலை விட்டு ஜிஇடி எழுதுவது, சோறு இருக்கும்போது கஞ்சி குடிக்கிற கதை.

படி 4: உங்கள் மாநிலச் சட்டம்

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எத்தனை வயதுவரை பள்ளிக்குப் போவது கட்டாயம் என்பது ஒன்று: நியூ ஜெர்சியில் 16, கலிஃபோர்னியாவில் 18. எத்தனை வயதில் தேர்வு எழுதலாம் என்பது இன்னொன்று. 16 வயதுக்குக் குறைந்தவர் எழுத முடியாது. 16, 17 வயதினருக்குப் பெற்றோர் ஒப்புதல், பள்ளியிலிருந்து விலகியதற்கான கடிதம் என்று கூடுதலாகக் கேட்பார்கள். சில மாநிலங்கள் 18-க்கு முன் கிட்டத்தட்ட அனுமதிப்பதே இல்லை. ஹைஸ்கூல் பதிவேட்டில் பெயர் இருக்கும்போது பொதுவாக எழுதவும் விட மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் 16 வயதினருக்கென்றே தனியாக ஒரு தகுதித் தேர்வுத் திட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதை முதலில் விசாரியுங்கள்.

தெரியாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டால் பள்ளிக்கு வராததற்காகப் பெற்றோருக்கு நோட்டீஸ் வரும். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் ஹைஸ்கூல் இணைச் சான்று பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு, புரியாததை அவர்களுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். டெக்ஸஸ்காரர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது.

படி 5: விடும் முன்பே எழுதிப் பாருங்கள்

என் வகுப்புக்கு வந்தவர்களில் அநேகமாக யாருமே செய்யாத படி இது. ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து, மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். அதிகாரபூர்வ ஜிஇடி தளத்தில் இலவச மாதிரிக் கேள்விகள் உண்டு. அதற்கு மேல் ஜிஇடி ரெடி என்ற முன்னோட்டத் தேர்வு, பாடத்துக்குச் சில டாலர்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டும். பச்சை என்றால் தேற வாய்ப்பு நிறைய, மஞ்சள் இழுபறி, சிவப்பு என்றால் இன்னும் படிக்க வேண்டும்.

பாடம் நான்கு. கணக்கு 115 நிமிடம், மொழி 150 நிமிடம், அறிவியல் 90, சமூக அறிவியல் 70. நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக எழுதலாம். மதிப்பெண் 100-லிருந்து 200 வரை. ஒவ்வொரு பாடத்திலும் 145 எடுத்தால் தேர்ச்சி. கணக்கில் 180 எடுத்து மொழியில் 140-ஐ ஈடுகட்டலாம் என்ற பேச்சே இல்லை. 165-க்கு மேல் எடுத்தால் காலேஜுக்குத் தயார் என்று குறிப்பார்கள், 175-க்கு மேல் என்றால் சில காலேஜ்கள் கிரெடிட்டே தரும். தவறினால் இரண்டு முறை உடனே திரும்ப எழுதலாம். மூன்றாவது முறையும் போனால் 60 நாள் காத்திருக்க வேண்டும். கட்டணம் பல மாநிலங்களில் பாடத்துக்கு 30, 40 டாலர் அளவில் இருக்கும். நியூயார்க் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இலவசம்.

நம் பிள்ளைகளுக்குக் கணக்கு பெரிதாக உதைக்காது. பாதிக்கு மேல் அல்ஜீப்ராதான், ஃபார்முலாத் தாளும் கொடுத்துவிடுவார்கள், முதல் சில கேள்விகள் தவிர கால்குலேட்டரும் உண்டு. இடறுவது மொழித் தாள். அதில் 45 நிமிடக் கட்டுரை ஒன்று வரும். இரண்டு பேர் ஒரே விஷயத்தில் எதிரெதிராக வாதிட்டிருப்பார்கள். யாருடைய வாதம் வலுவான ஆதாரத்தோடு நிற்கிறது என்று எழுத வேண்டும். "என் கருத்து என்னவென்றால்" என்று தொடங்கினால் போச்சு. அவர்கள் கேட்பது உங்கள் கருத்தை இல்லை. பட்டிமன்றத்தில் பேசுகிறவர் வேலை வேறு, நடுவர் வேலை வேறு. இங்கே நீங்கள் நடுவர். சமூக அறிவியலில் பாதி அமெரிக்க அரசமைப்பும் குடிமையியலும். மனப்பாடம் உதவாது, பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் வேலை. ஆங்கில வாசிப்பு தடுமாறும் பிள்ளைக்கு அறிவியல் தாள்கூட ஆங்கிலத் தாள்தான்.

நான்கிலும் பச்சை வந்தால் பேசலாம். இரண்டில் சிவப்பு வந்தால், ஸ்கூலில் இருந்துகொண்டே படிப்பது நல்லது. அங்கே வாத்தியார் இலவசம்.

படி 6: சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே முனகுவார்கள்

கம்யூனிட்டி காலேஜில் ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே இரண்டு வருடம் படித்து நான்கு வருடப் பல்கலைக்கு மாறிக்கொண்டால், மேலே பெரும்பாலும் காலேஜ் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். ஸ்கூலை விடுகிற பிள்ளைக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே பாதை இதுதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் படிப்பு உதவிக்கும் ஜிஇடி செல்லும். எச்-4-க்கு அந்த உதவியே கிடையாது, சான்றிதழ் எதுவானாலும். நியூயார்க்கில் 24, நியூ ஜெர்சியில் 30 காலேஜ் கிரெடிட் முடித்து அதை வைத்தே மாநில இணைச் சான்று வாங்கும் வழியும் உண்டு.

ராணுவத்தில் ஜிஇடிக்காரர்கள் இரண்டாம் தட்டில்தான். 15 காலேஜ் கிரெடிட் சேர்த்தால் டிப்ளமோக்காரரோடு சமமாகலாம். இந்தியாவுக்குத் திரும்பி மருத்துவமோ பொறியியலோ படிக்கும் எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தாலும்கூட, ஜிஇடியைத் தொடும் முன் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கும், சேரப்போகும் கல்லூரிக்கும் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் கணக்குப்படி, முழுநேர வேலையில் ஹைஸ்கூல் முடிக்காதவரின் இடைநிலை வாரச் சம்பளம் 708 டாலர், முடித்தவருக்கு 899. இதைக் காட்டி "ஜிஇடி வாங்கினால் 899" என்று விளம்பரம் செய்வார்கள். அந்த 899 என்பது டிப்ளமோக்காரரையும் ஜிஇடிக்காரரையும் ஒரே கூடையில் போட்ட கணக்கு. 2000-இல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இதைப் பிரித்துப் பார்த்தார். தேர்வு மதிப்பெண்ணில் ஜிஇடிக்காரர்கள் டிப்ளமோக்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. வேலைச் சந்தையிலோ பள்ளியை விட்டவர்களோடுதான் அதிகம் ஒத்துப்போகிறார்கள் என்று அவரும் அவர் சகாக்களும் கண்டார்கள். தினமும் எழுந்து போய், பிடிக்காததையும் முடிக்கும் பழக்கத்தைத் தேர்வு அளப்பதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பழக்கத்தை வேறு இடத்தில் வளர்த்துக்கொண்டால் இந்த விதி உங்களைக் கட்டாது. ஆனால் அந்த வேறு இடம் எது என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும்.

வெண்டிஸ் உணவகங்களைத் தொடங்கிய டேவ் தாமஸ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். பெரும் பணக்காரரான பிறகு, தன்னைக் காட்டிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்களோ என்று உறுத்தலாகி, 1993-இல் அறுபது வயதுக்கு மேல் ஜிஇடி எழுதித் தேறினார். "அவர் மட்டும் படிச்சாரா" என்று வாதாடும் பிள்ளைக்கு இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கால அட்டவணை போடுங்கள். ஜிஇடி வகுப்பு எங்கே, எந்தக் கிழமை, யார் கொண்டுபோய் விடுவார்? மத்திய அரசு நிதியில் பெரியவர் கல்வி வகுப்புகள் பல ஊர்களில் இலவசம். பள்ளியில் பெயர் இல்லாத 16 வயதுக்காரரும் சேரலாம். ஆனால் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். இடம் உறுதியானதா என்று முன்பே கேளுங்கள். தேர்வு எந்த மாதம், காலேஜ் சேர்க்கைக் கடைசி நாள் எது? இந்த அட்டவணையைப் பெற்றோரிடம் காட்டிப் பேசுங்கள். "என்னால் முடியலைப்பா" என்று அழுதபடி சொல்வதைவிட, தாளை மேசையில் வைத்தால் நம் அப்பாக்கள் கேட்பார்கள். அப்பாக்களுக்கு: தாளைப் படிக்கும் முன் "மானம் போச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு வாரத்தில் வீட்டிலிருந்தே டிப்ளமோ, 299 டாலர் என்ற மாதிரி விளம்பரங்களைத் தொடாதீர்கள். ஜிஇடியை வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதும் வசதி உண்மையிலேயே உண்டு, ஆனால் அதிகாரபூர்வத் தளம் வழியாக மட்டும். கேமரா முன் உட்கார வேண்டும், அந்தப் பாடத்தில் கடந்த 60 நாளுக்குள் ஜிஇடி ரெடியில் பச்சை வாங்கியிருக்க வேண்டும், பல மாநிலங்களில் 18 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

படி 8: இப்போது டி.சி.

இங்கே அதற்குப் பெயர் வித்டிராயல் படிவம். கையெழுத்துப் போடும் முன், "பிடிக்காவிட்டால் திரும்பிச் சேரலாமா, எந்தத் தேதிக்குள்?" என்று கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஐஇபி உள்ள பிள்ளைக்கு ஜிஇடி வாங்கிய பின்னும் மாநிலம் வைத்திருக்கும் வயது வரம்புவரை பள்ளிக்குத் திரும்பும் உரிமை போகாது. அந்தக் கோப்பின் நகலையும் கேளுங்கள். அதே ஆவணங்களை வைத்து ஜிஇடியிலும் கூடுதல் நேரம் கேட்கலாம்.

டிரான்ஸ்கிரிப்ட், தடுப்பூசிப் பதிவு, விலகல் கடிதம் மூன்றும் கையில் வந்த பிறகு வெளியே வாருங்கள். தேர்வுக்கு அடையாள அட்டையாகப் பாஸ்போர்ட் பெரும்பாலும் போதும். அதிலுள்ள பெயரும் பதிவில் கொடுத்த பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். நம் இனிஷியல் குழப்பத்தில் தேர்வு மையத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. ஜிஇடி கணக்கைப் பள்ளி மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். பள்ளி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த சில நாளில் அந்த முகவரி மூடப்படும், மதிப்பெண் அங்கேதான் வந்து கிடக்கும்.